கைமரத்தின் சாய்வுக் கோணத்தைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில் ஓட்டுக்கூரையைப் பிரித்து, புதுக் கைமரங்கள் போடுகிறோம். கைமரத்தின் நீளம் 9 அடி. சுவர்ப்பக்க உத்தரம் முற்றத்துப் பக்க உத்தரத்தைவிட 4½ அடி உயரத்தில் இருக்கிறது. 4½ஐ 9ஆல் வகுத்துத் தலைகீழ் டேன்ஜென்ட் கண்டால் 26.6° வருகிறது. ஆசாரி அது பொருந்தாது என்கிறார். எங்கே தவறு?

பதில்: ஆசாரி சொல்வதே சரி. நீங்கள் வகுத்ததில் பிழை இல்லை. எந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்பதில்தான் இடறியிருக்கிறீர்கள். செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கமே கர்ணம். உங்கள் கூரையில் சாய்ந்து கிடக்கும் கைமரமே அது. நீங்கள் தேடும் கோணம் மரத்தின் கீழ்முனையில், படுக்கைமட்டத்துக்கும் மரத்துக்கும் இடையே இருப்பதால், 4½ அடி உயரம் அதற்கு எதிர்ப்பக்கமாகிறது. எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் தெரிந்தால்தான் டேன்ஜென்ட்; எதிர்ப்பக்கமும் கர்ணமும் தெரிந்திருக்கும் உங்களுக்கு வேண்டியது சைன். ஆகவே 0.5க்குத் தலைகீழ் சைன் காணுங்கள், விடை 30°. மேல்முனைக் கோணம் 90இலிருந்து 30 போக 60°. (விடை 0.52 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது, பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.)

மூன்றரைப் பாகைதானே என்று விட்டுவிட முடியாது. 9 அடி மரத்தை 26.6°யில் சாய்த்தால் அதன் தலை 4 அடி உயரத்திலேயே நின்றுவிடும். உத்தரத்தைத் தொட ஏறத்தாழ அரை அடி குறையும்.

கால்குலேட்டர் இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். சமபக்க முக்கோணத்தை உச்சியிலிருந்து நேர்பாதியாகப் பிளந்தால், கர்ணத்தில் சரிபாதியாக இருக்கும் பக்கத்துக்கு எதிரே எப்போதும் 30° கோணமே அமையும். 9க்கு 4½ அந்தப் பொருத்தம்தான். தரையில் அளந்து பார்க்க விரும்பினால், இரு உத்தரங்களுக்கும் இடைப்பட்ட கிடைத்தூரம் 7 அடி 9½ அங்குலம் இருக்க வேண்டும்.

அப்படி இல்லையென்றால் முதலில் சுவரைச் சந்தேகியுங்கள். செங்கலும் சுண்ணாம்புமாக எழுப்பிய பழைய சுவர் சற்றே சாய்ந்திருக்கக்கூடும். சுவரோடு ஒட்டி நாடாவைப் பிடித்தால் செங்கோணம் கிடைக்காது, செங்கோணம் இல்லாத இடத்தில் இந்தக் கணக்கும் செல்லாது. உயரத்தைத் தூக்குக்குண்டு விட்டே அளக்க வேண்டும். நீளத்தையும் இரு முனைகளிலும் மரத்தின் அடிவிளிம்பிலிருந்தே எடுங்கள்.

ஆசாரியிடம் 30° என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். சுவரில் பதியும் முனையைச் செங்குத்தாக வெட்டும்போது, வெட்டுக்கோடு மரத்தின் நீளவாக்கோடு 60° கோணத்தில் அமைய வேண்டும். எந்த முனையில் எந்தக் கோணம் என்பதை மரத்திலேயே பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.