கடற்கரையிலேயே வாழும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் நண்பர்களோடு பாலித் தீவுக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

கடலுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் வயலையும், வயலுக்குத் தண்ணீர் வருகிற வழியையும் பாருங்கள். நண்பர்களோடு போய்வந்த பிறகு என் உறுதியான கருத்து இது.

அந்த ஒரு மாலைக்கு உலுவாத்து போங்கள். தீவின் தென்மேற்கு முனையில், செங்குத்தான பாறையின் உச்சியில் கோயில் இருக்கிறது. சில்வர் பீச்சிலும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அது கடலுக்குள் இறங்குவதை அங்கே பார்க்கலாம். இருட்டுகிற நேரத்தில் கெச்சாக் ஆட்டம் தொடங்கும். இசைக்கருவி எதுவும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஆண்களின் ‘சக் சக்’ குரலே தாளம். நடுவில் ராமாயணம் நடக்கும். மூக்குக் கண்ணாடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அங்குள்ள குரங்குகள் கண் இமைக்கும் நேரத்தில் பறித்துவிடும்.

இனி வயலுக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருவன் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறவன். கடைமடைக்காரன். மேல்மடை வயல்கள் எல்லாம் நனைந்த பிறகு தன் வயலுக்கு எப்போது தண்ணீர் எட்டும் என்று ஆண்டுதோறும் காத்திருந்து பழகியவன். அவன் கண்ணால் பார்த்ததால்தான் எங்களுக்கும் பாலி விளங்கியது என்று சொல்வேன்.

பதுக்காரு மலைச் சரிவில் ஜத்திலுவி என்ற ஊர் இருக்கிறது. மலையிலிருந்து பள்ளத்தாக்கு வரை படிப்படியாக நெல் வயல்கள். பெரும்பாலானவர்கள் சாலையோரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பாதையில் இறங்கி, வாய்க்காலை ஒட்டி உள்ளே நடங்கள். நாங்கள் போன இடத்தில் ஒரு வாய்க்காலின் குறுக்கே பாசி படர்ந்த மரக்கட்டை ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதன் மேல்விளிம்பில் இரண்டு வெட்டுகள். ஒன்று நான்கு விரல் அகலம் இருக்கும். மற்றது அதைப்போல் இரு மடங்கு. இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வழிந்து, இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஓடியது. நண்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் வைத்து அளந்து பார்த்தான். வெட்டின் அகலம் எவ்வளவோ அவ்வளவு பங்கு. ஷட்டர் இல்லை, பூட்டு இல்லை, ராத்திரியில் மண்வெட்டியோடு காவல் காக்கிற வேலையும் இல்லை. யாருக்கு எவ்வளவு போகிறது என்பது வரப்பில் நடக்கிற எல்லோருக்கும் தெரிகிறது. பல இடங்களில் இந்தக் கட்டைக்குப் பதில் சிமெண்ட் வந்துவிட்டது. ஆனால் கணக்கு அதேதான்.

இதை நடத்துவது சுபாக் என்கிற விவசாயிகள் அமைப்பு. ஒரே நீர் ஆதாரத்தில் பாய்கிற வயல்களின் சொந்தக்காரர்கள் சேர்ந்து வைத்திருப்பது. தலைவரைப் பெகாசே என்கிறார்கள். வாய்க்கால் தூர்வாருவது, நடவு நாள் குறிப்பது, நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்குப் பூசை செய்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு. நம் ஊரில் குடிமராமத்து உயிரோடு இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

“மேல்மடைக்காரன் எதற்காக விட்டுக்கொடுக்கிறான்? தண்ணீர் முதலில் அவனிடம்தானே வருகிறது?” என்று நண்பன் கேட்டான். கடைமடைக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் காரை ஓட்டிவந்தவர் விவசாயக் குடும்பத்துக்காரர். ஒரே சொல்லில் பதில் சொன்னார்: பூச்சி.

அக்கம்பக்கத்துச் சுபாக்குகள் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, ஒரே சமயத்தில் வயலைச் சும்மா விட்டால், பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது. கூட்டம் பெருகாமல் ஒடுங்கிவிடும். கடைமடைக்குத் தண்ணீர் கிடைக்காமல் அவர்கள் நடவு தள்ளிப்போனால், அங்கே பெருகிய பூச்சி மேல்மடைக்கும் வந்து சேரும். ஆகவே தண்ணீர் கொடுப்பதில் மேல்மடைக்கும் லாபம் உண்டு. 1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது, குறுகிய கால ரகங்களை இடைவெளி விடாமல் நடச் சொன்னது இந்தோனேசிய அரசு. பழைய முறை குலைந்தது. புகையான் பூச்சியும் நோயும் வயல்களைத் தின்றன. ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பிறகு கணினியில் ஒரு மாதிரியை உருவாக்கி ஆராய்ந்து, சுபாக்குகள் கூடி நடவுக்கும் தண்ணீருக்கும் முறை வைக்கிற நீர்க்கோயில்களின் ஏற்பாடு நல்ல பலன் தருகிறது என்று காட்டினார். புகையான் என்ற பேச்சு வந்ததும் என் நண்பன் காட்டிய முகபாவத்தை நெல் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். எனக்கு மலைப்பாக இருந்தது: தர்மம் என்று நான் நினைத்த ஒரு வழக்கத்துக்குள் இவ்வளவு துல்லியமான கணக்கு.

இந்த நீர்க்கோயில்களுக்கெல்லாம் தலைமைக் கோயில் கிந்தாமணியில், பாத்தூர் எரிமலை வாயின் விளிம்பில் இருக்கிறது. பெயர் உலுன் தானு பாத்தூர். படங்களில் ஏரிக்குள் மிதப்பது போலத் தெரிகிற, பெராத்தான் என்ற ஏரியின் கோயில் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாத்தூர் கோயில் முன்பு கீழே, எரிமலைக்குப் பக்கத்தில் இருந்தது. 1926-ல் எரிமலை வெடித்து ஊரையும் கோயிலையும் மூடியபின் மேலே கட்டினார்கள். கீழே தெரியும் ஏரியிலிருந்து ஆறு எதுவும் புறப்படவில்லை. மலைக்குள் ஊறி இறங்கிய நீர் தாழ்வான இடங்களில் ஊற்றாகக் கிளம்புகிறது என்பது அவர்களின் நம்பிக்கை. அதனால்தான் சுபாக்குகளைச் சேர்ந்தவர்கள் இங்கே வந்து தீர்த்தம் வாங்கிக்கொண்டு போய் வயலில் சேர்க்கிறார்கள். திரும்பும் வழியில் தம்பாக்சிரிங்கில் அப்படியொரு ஊற்றைச் சுற்றி எழுந்த தீர்த்த எம்புல் கோயிலையும், அருகே 11-ஆம் நூற்றாண்டில் பாறையில் குடைந்த குனுங் காவியையும் பார்க்கலாம். குனுங் காவிக்குப் படிகள் மிக அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள்.

ஒரு வேண்டுகோள். தெற்குப் பக்கம் வயல்களை விற்று விடுதி கட்டுவது கண்ணெதிரே நடக்கிறது. நம் பக்கம் விளைநிலத்தில் மனைக்கல் நடுவதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் அங்கே வயலுக்கு நடுவே புதிதாக எழுந்த நீச்சல் குளத்து விடுதியைத் தேடிப் போகாதீர்கள். ஊருக்குள் குடும்பங்கள் நடத்துகிற தங்கும் வீடுகள் உண்டு. வாசலில் காலையில் ஓலைத் தட்டில் பூ வைத்துப் படைப்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

நடைமுறை விவரம்: சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பாலியின் விமான நிலையம் உள்ள டென்பசார் போகலாம். இந்தியர்களுக்கு 30 நாள் விசா, கட்டணம் 5,00,000 ரூபியா. 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டவர்களிடம் தனியாகச் சுற்றுலாக் கட்டணம் 1,50,000 ரூபியா வசூலிக்கிறார்கள். கோயிலுக்கு இடுப்பிலிருந்து கால்வரை மறைக்கும் துணியும் இடுப்பில் கட்டும் கச்சையும் கட்டாயம்; வேட்டி எடுத்துப்போங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு டெம்பே என்கிற, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த கட்டி கிடைக்கும், ஆனால் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலில் இறால் விழுது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. சம்பா அறுவடை முடித்த நண்பர்களுக்குச் சித்திரை, வைகாசி வசதிப்படும். மார்ச்சில் போவதானால் டிக்கெட் எடுக்கும்முன் நியெப்பி எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். அது சக சகாப்தக் கணக்கில் அவர்களின் ஆண்டுப் பிறப்பு. அன்று விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள், தெருவில் இறங்கவும் அனுமதி இல்லை.