வெளிநாட்டில் படிக்கும்போது தொழிற்சாலை பார்க்கப் போன அனுபவம் உண்டா? அந்த ஊர்ச் சாப்பாடு எப்படி இருந்தது?

உண்டு. எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம். ஜப்பானில் நகோயாவில் மெக்கானிக்கல் முதுகலை படித்தபோது, ஒரு நவம்பர் மாதம் ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு எங்கள் வகுப்பைக் கூட்டிப் போனார்கள். காலையில் டொயோட்டா கார் ஆலை, மதியத்துக்கு மேல் ஒகசாக்கியில் மிசோ, அதாவது சோயாவை நொதிக்க வைத்துச் செய்யும் விழுது, தயாரிக்கும் இடம்.

அதைச் சொல்லும் முன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 22 வருடம் பிரஸ் மெஷினில் நின்றவர். முதல் ஷிப்ட் என்றால் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். எனக்குப் பத்து வயது இருக்கும். வந்துகொண்டிருந்த பீஸ்களில் பிசிர் இருப்பதைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டார். டார்கெட் போச்சு என்று எல்லார் முன்னாலும் திட்டினார்கள், ஒரு நாள் சம்பளத்தையும் பிடித்துவிட்டார்கள். பிசிர் இருந்தது உண்மைதான் என்று பிறகு தெரிந்தும் அந்தப் பணம் திரும்பி வரவில்லை. அன்று ராத்திரி அம்மா கிண்டி வைத்த களியைத் தொடாமலே படுத்துவிட்டார்.

சரி, டொயோட்டாவுக்கு வருகிறேன். அது கம்பெனி பெயர் மட்டுமில்லை, ஊர்ப் பெயரும் அதுதான். கொரோமோ என்று இருந்த ஊர் 1959-ல் கம்பெனியின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டது. முன்பதிவு செய்தால் வெளியாட்களும் ஆலையைப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. உள்ளே படம் எடுக்க மட்டும் அனுமதி இல்லை. பார்வையாளர்கள் மேலே பாலம் மாதிரி இருக்கும் நடைபாதையில் நடக்க, கீழே கார்கள் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளைக்குப் பின்னால் கறுப்பு, அதற்குப் பின்னால் வேறு மாடல் என்று எல்லாம் ஒரே லைனில்தான் வருகின்றன.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது லைனை ஒட்டி ஓடிய ஒரு கயிற்றை. ஒரு பையன், என் வயதுதான் இருக்கும், கதவுப் பக்கம் எதையோ பொருத்திக்கொண்டிருந்தான். கை நின்றது. குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அந்தக் கயிற்றை இழுத்தான். உடனே ஒரு மெட்டு ஒலித்தது. மேலே பலகையில் அவன் நிற்கும் இடத்தின் எண் மஞ்சளாக எரிந்தது. லீடர் வேகமாக நடந்து வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. லைன் நிற்கவே இல்லை.

விவரம் இதுதான். கயிற்றை இழுத்ததும் லைன் நின்றுவிடாது. கார் அந்தப் பகுதியின் எல்லையைத் தாண்டுவதற்குள் பிரச்சினை தீர்ந்தால் அப்படியே ஓடும். தீராவிட்டால் தானாக நின்றுவிடும். பழுதை அடுத்த ஆள் கைக்கு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். இந்த யோசனை காரில் பிறந்தது இல்லை, தறியில் பிறந்தது. சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். அவர் மகன் கீச்சிரோதான் 1937-ல் டொயோட்டா கார் கம்பெனியைத் தொடங்கினார்.

சுற்றிக் காட்டிய பெண்ணிடம், "காரணமில்லாமல் இழுத்துவிட்டால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே சரியாகப் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டதும், இழுத்தவருக்கு லீடர் முதலில் நன்றி சொல்வார் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் ரயிலேறி ஒகசாக்கி. ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகவா இயேயாசு பிறந்த கோட்டை அங்கேதான் இருக்கிறது. கோட்டையிலிருந்து எட்டு 'சோ' தூரம், அதாவது ஏறக்குறைய 870 மீட்டர் தள்ளி இருந்த கிராமம் ஹட்சோ. அதனால் அங்கே செய்யும் மிசோவுக்கு ஹட்சோ மிசோ என்று பெயர். நாங்கள் போன ககுக்யூ என்ற மிசோ கம்பெனி 1645-ல் தொடங்கியது. சோயா, உப்பு, தண்ணீர். இவற்றை நொதிக்க வைக்கிறார்கள், அரிசியோ பார்லியோ சேர்ப்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரத்தொட்டி ஒவ்வொன்றிலும் சுமார் 6 டன் மிசோ. அதன்மேல் ஆற்றுக் கற்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள், அது மட்டும் 3 டன். சிமென்ட் கிடையாது, கயிறு கிடையாது. நிலநடுக்க நாட்டில் வெறும் கையால் அடுக்கிய கல் அசையாமல் நிற்கிறது. இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம் அப்படியே கிடக்கும்.

உள்ளே நுழைந்ததும் வந்த வாசனை எனக்குப் புதிது இல்லை. பாலக்கோட்டில் பாட்டி வீட்டில் புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி, மண்பானையில் முஷ்டியால் அமுக்கி வைப்பார். வருடம் திரும்பும்போது அது கறுத்துப்போய் இருக்கும். அந்தப் பானையைத் திறக்கும்போது மூக்கில் ஏறுமே, கிட்டத்தட்ட அதேதான்.

சாப்பாடு அந்த மிசோவில் கொதித்த உதோன். கோதுமையில் செய்த தடித்த நூடுல்ஸ் அது, இந்த வகையில் மாவில் உப்புப் போடாததால் கடிக்கக் கெட்டியாக இருக்கும். மண்சட்டியோடு கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே கோழி, வெங்காயத்தாள், மேலே ஒரு முட்டை. சட்டி மூடியில் ஆவி போக ஓட்டை இல்லை. பக்கத்து மேசைப் பெரியவர் தன் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, இதுதான் தட்டு என்று செய்து காட்டினார். அதில் எடுத்துப் போட்டு ஆற்றிச் சாப்பிட வேண்டும். குழம்பு கறுப்பாக, கொஞ்சம் கசப்பும் துவர்ப்புமாக இருந்தது. காரம் துளியும் இல்லை. முதல் வாய் பிடிக்கவில்லை. பாதிச் சட்டி போனபிறகு, இதோடு ஒரு களி உருண்டை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அறைக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். எனக்கு மணி எட்டு, ஊரில் நாலரை. மிசோ, கல், உதோன் எல்லாம் சொன்னேன், "ம்" கொட்டினார். கயிறு பற்றிச் சொன்னதும் பேச்சைக் காணோம். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"இழுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"இல்லப்பா. நன்றி சொல்வாங்களாம்."

மறுபடி கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் மிக்ஸி ஓடும் ஒலி மட்டும் கேட்டது.

"எவ்ளோ உயரத்துல கட்டியிருக்காங்க கண்ணு?"

"நின்ன இடத்துல இருந்தே எட்டும்ப்பா."