எக்சோஸ்ட் மெனிபோல்ட் போல்ட்டுகளை உடைக்காமல் கழற்றி மீண்டும் பூட்டுவது எப்படி?

கேட்டவர் பண்டாரவளையில் பழைய டீசல் வேன் ஒன்று வைத்திருக்கிறார். காலையில் எஞ்சினை இயக்கியதும் 'டக் டக்' என்ற சத்தம். சூடேறியதும் அது அடங்கிவிடுகிறது. புகையை வெளியே எடுக்கும் மெனிபோல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கட் போய்விட்டது என்று அவருக்கே தெரிகிறது. ஆனால் கை வைத்தால் போல்ட் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டு வருகிறார்.

பயம் நியாயமானது, தள்ளிப்போடுவது ஆபத்தானது. எஞ்சின் சூடேறும்போது இரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் நிற்கிறது. கசிவு முழுதாக நின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். வெளியேறும் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேனில் எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். மூடுபனியில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளோடு போகும் வாகனம் என்றால், இந்த மாதமே செய்துவிடுங்கள்.

நான் ஹட்டன் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக டீசல் வாகனங்களில் வேலை செய்கிறேன். பெரும்பாலும் கொழுந்து லொறிகள், தனியார் பஸ்கள், பள்ளிக்கூட வேன்கள். சமவெளியில் ஓடும் வாகனத்தைவிட எங்கள் மலையில் ஓடும் வாகனத்தின் மெனிபோல்ட் போல்ட்டுகள் அதிகம் வதைபடுகின்றன. கித்துள்கலையிலிருந்து கினிகத்தேனை ஏற்றத்தைச் சுமையோடு ஏறினால் புகையின் வெப்பம் 500 பாகை செல்சியஸை எளிதில் தொடும். மேலே வந்தால் நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான வட்டவளை. சுட்ட இரும்பின் மேல் சாரல் தெறிக்கிறது. இரவில் குளிர், விடியலில் பனி, மீண்டும் ஏற்றம். இப்படி வருடக்கணக்கில் நடந்தால் மரைக்குள் துரு இறுகிக் கல்லாகிவிடுகிறது.

துரு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இரும்பின் விரிவு. அரை மீட்டர் நீளமான வார்ப்பிரும்பு மெனிபோல்ட் 400 பாகை சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளுகிறது. அது பூட்டப்பட்டிருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டோ தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால் அவ்வளவு நீளுவதில்லை. நடுவில் இருக்கும் போல்ட்டுகளுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. இரண்டு ஓரங்களிலும் இருப்பவைதான் ஒவ்வொரு ஏற்றத்திலும் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, ஒவ்வொரு இரவும் திரும்பி வருகின்றன. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒரு நாள் முறிவது போலத்தான். ஆகவே உங்கள் வேனில் உடைய வாய்ப்புள்ளவை அந்த ஓரத்துப் போல்ட்டுகள். நேரத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

வேலையை இரண்டு நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மரை வெளியே தெரியும் இடத்தைச் சுத்தமாகத் தேயுங்கள். எஞ்சின் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் இருக்கும்போது துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். கடையில் விற்கும் எதுவும் உதவும். நாங்கள் தானியங்கி கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து பயன்படுத்துகிறோம். அது சட்டென்று தீப்பற்றும் என்பதால் ஆறிய எஞ்சினில் மட்டும். எண்ணெய் விட்டபின் பித்தளைத் துண்டு ஒன்றை போல்ட் தலையில் வைத்துச் சுத்தியலால் நேராக நாலைந்து முறை தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துருவில் கீறல் விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கும். காலை, மாலை, மறுநாள் காலை என்று இதையே திரும்பச் செய்யுங்கள்.

ஆறு முனை சொக்கட் மட்டுமே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை சொக்கட் துருவேறிய தலையின் மூலைகளை வழித்துவிடும். ஜப்பான் வாகனங்களில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12 இலக்கச் சொக்கட், 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14. தலை துருவில் தேய்ந்து சிறுத்திருந்தால் அடுத்த சிறிய அளவைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டித் திருப்பாதீர்கள். அந்தக் குழாய் உங்கள் கைக்கு வர வேண்டிய செய்தியை மறைத்துவிடுகிறது.

அந்தச் செய்தி என்னவென்று எனக்குச் சொல்லித்தந்தவர் நான் வேலை பழகிய இடத்தின் தலைமை மெக்கானிக். நாங்கள் அவரைப் பெரிய பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நான் ஒரு போல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். "தம்பி, அது திரும்பவில்லை, முறுகுகிறது. கையை எடு" என்றார். எனக்கு வித்தியாசம் புரியவில்லை. என் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டினார். திரும்பும் போல்ட் 'டக்' என்று விட்டுக்கொடுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். முறுகும் போல்ட் ரப்பர் போல இழுபட்டு, கையைத் தளர்த்தினால் பழைய இடத்துக்கே திரும்பும். அப்படி உணர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். முதலில் சற்றே இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, மீண்டும் இறுக்கும் பக்கம், மீண்டும் எண்ணெய். ஒரு போல்ட்டுக்கு அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள்.

அடுத்த மாதமே நான் அதை மறந்தேன். கொழுந்து ஏற்ற வேண்டிய லொறி, சாரதி பக்கத்தில் நின்று நேரம் பார்க்கிறார், கடைசி போல்ட். முறுகுவது கையில் தெரிந்தும் இழுத்தேன். தலை கையோடு வந்தது. உடனே உடைந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, மீட்கும் திருகாணியை அடித்து இறக்கித் திருகினேன். அதுவும் உள்ளேயே முறிந்தது. அது சாதாரண துளைக்கும் அலகு இறங்காத அளவுக்கு கடினமான உருக்கு. ஹெட்டைக் கழற்றிக் கண்டிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. லொறி ஆறு நாள் நின்றது. அந்த ஆறு நாளும் கொழுந்தை இன்னொரு தோட்டத்து லொறியில்தான் ஏற்றினார்கள். அதிலிருந்து அந்தத் திருகாணியை நான் மெனிபோல்ட் போல்ட்டில் பயன்படுத்துவதில்லை. உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன்.

எண்ணெய்க்கு அசையாவிட்டால் அடுத்தது வெப்பம். அதற்கு முன் ஹெட்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு, தைரியமாகச் சூடாக்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம், அது சிவக்காமலேயே 660 பாகைக்கு முன்பே உருகத் தொடங்கிவிடும் என்பதால் அந்த வேலையைப் பழகிய கையிடம் கொடுங்கள். பற்றரி இணைப்பைக் கழற்றி, எரிபொருள் குழாய்களை ஒதுக்கி, தண்ணீர் வாளியை அருகில் வைத்து, விட்ட எண்ணெயை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகே சுடர். பிரேக் சுத்தம் செய்யும் திரவத்தால் மட்டும் துடைக்க வேண்டாம்: அதில் சில வகைகள் சூட்டில் நச்சு வாயுவாக மாறும். போல்ட் தலையை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, சிவப்பு மறைந்ததும் மெழுகுவர்த்தியை மரையோரத்தில் வையுங்கள். மெழுகு உருகி இடுக்குக்குள் இழுபட்டுப் போகும். பாதிப் போல்ட்டுகள் இதற்கே இளகிவிடும்.

அப்படியும் உடைந்துவிட்டால் வேலை முடிந்துபோனதாக நினைக்க வேண்டாம். துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்பக்கமாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங்கின் சூடு மரையைத் தளர்த்தும், நட் புதிய தலையாகிவிடும். கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பின் முன்னும் பின்னுமாக அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். முதல் தடவை வெல்டிங் விட்டுப்போனால் இன்னொரு நட்; நான் ஒரே போல்ட்டுக்கு நான்கு நட் வைத்திருக்கிறேன்.

இனிப் பூட்டுவது. நான் பார்த்த பழுதுகளில் பல, போன தடவை பூட்டியவரின் அவசரத்தால் வந்தவை. பழைய போல்ட் ஒன்றில் நீளவாக்கில் இரண்டு வெட்டுப் போட்டு, அதை ஹெட்டின் மரைக்குள் கையால் ஓட்டித் துருவை வெளியே எடுங்கள். புது மரை வெட்டும் கருவி இருக்கும் மரையையும் மெலிவாக்கிவிடும். மெனிபோல்ட்டின் முகத்தில் நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள், 0.2 மில்லிமீட்டர் தகடு நுழையும் அளவுக்கு வளைந்திருந்தால் நான் லேத் கடையில் சீவக் கொடுத்துவிடுவேன். வளைந்ததை அப்படியே இழுத்துப் பூட்டினால் ஓரத்துப் போல்ட் அன்றே சாகத் தொடங்குகிறது. பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கலாம்; உலரச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுங்கள். ஓரத்துத் துளைகள் நீள்வட்டமாக இருந்தால் அது தேய்மானம் அல்ல, இரும்பு நகர்வதற்கு விட்ட இடம். அதை நிரப்பும்படி தடித்த போல்ட் போடாதீர்கள்.

போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். வன்பொருள் கடையில் கிடைக்கும் பளபளப்பான போல்ட்டுகள் வேண்டாம். அவற்றின் நாகப் பூச்சு 420 பாகையில் உருகிவிடும், உள்ளிருக்கும் இரும்பும் அந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. மெனிபோல்ட்டுக்கென்று விற்கும் போல்ட்டும், செம்புப் பூச்சுள்ள நட்டும் கேளுங்கள். மரையில் நிக்கல் அல்லது செம்பு கலந்த சூடு தாங்கும் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். கிரீஸ் கரியாகி மறுபடியும் ஒட்டிவிடும்.

எல்லாவற்றையும் முதலில் விரலால் ஓட்டுங்கள். விரலுக்கு வராத போல்ட்டை ஸ்பேனரால் கட்டாயப்படுத்தாதீர்கள். பிறகு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, மூன்று சுற்றாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். அளவுக்கு உங்கள் வாகனத்தின் கைநூல்தான் முடிவு. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரும். பசை பூசிய மரை இலகுவாக ஓடுவதால் நான் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே இறுக்குவேன்.

எல்ல ஊர்ப் பக்கம் ஒரு ஏற்றம் ஓட்டிவிட்டு வந்து, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் அதே அளவுக்கு மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஓரத்துப் போல்ட்டுகள் சிறிது இடம் கொடுக்கும். அதன்பின் சவர்க்காரத் தண்ணீரைக் கேஸ்கட் ஓரமாகத் தெளித்து, எஞ்சின் குளிராக இருக்கும்போதே இயக்குங்கள். முதல் அரை நிமிடத்துக்குள் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து, எந்தச் சிலிண்டர் என்பதை இங்கே எழுதுங்கள்.