இசைத்தட்டு கேள்வி – பதில்: பெட்டி லவெட்டை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

அமெரிக்க சோல் பாடகி பெட்டி லவெட் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே.எஸ்., மதுரை: ஒபாமா பதவியேற்பை ஒட்டி நடந்த கச்சேரியில் 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' பாடிய அம்மாவின் குரல் மனதை விட்டுப் போகவில்லை. தேடினால் 2000-க்குப் பிறகு வந்த ஆல்பங்கள்தான் அதிகம் வருகின்றன. அதற்கு முன்பு அவர் பாடவே இல்லையா?

நீங்கள் கேட்டது 2009 ஜனவரி 18 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன் ஜான் பான் ஜோவியுடன் சேர்ந்து பாடியது. அப்போது பெட்டி லவெட் பாட வந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவரை ஆல்பம் ஆல்பமாகத் தேடுவதுதான் சிக்கலுக்குக் காரணம். முதல் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள தட்டு) வந்தது 1962-ல். முதல் ஆல்பம் கடைக்கு வந்தது 1982-ல். இடைப்பட்ட இருபது வருடப் பாட்டு கிட்டத்தட்ட முழுவதும் 45 வேகச் (நிமிடத்துக்கு 45 சுற்று) சிறு தட்டுகளில், அதுவும் பத்துக்கும் மேற்பட்ட லேபிள்களில், அதாவது தட்டு வெளியிடும் நிறுவனங்களில், சிதறிக் கிடக்கிறது. அதனால் எந்த வருடம், எந்த லேபிள், யார் தயாரிப்பு என்று பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பிறந்தது 1946 ஜனவரி 29, மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில். இயற்பெயர் பெட்டி ஜோ ஹாஸ்கின்ஸ். வளர்ந்தது டெட்ராய்ட். பதினாறு வயதில் ஜானி மே மேத்யூஸ் தயாரிப்பில் 'மை மேன் – ஹீஸ் எ லவின் மேன்' பாடினார். ஜானி மே, சொந்தமாக லேபிள் நடத்திய கறுப்பினப் பெண்மணி. அந்தக் காலத்தில் அது அரிது. பாட்டு ஓடும் என்று தெரிந்ததும் அட்லாண்டிக் நிறுவனம் வாங்கி வெளியிட்டது. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் 7-ஆம் இடம். அவருடைய பாடல்களில் அந்தப் பட்டியலில் மிக உயரத்துக்குப் போனது இந்த முதல் பாட்டுதான்.

பிறகு வந்தவற்றில் விட்டுவிடக் கூடாதவை: 1963-ல் டெட்ராய்டின் லூபைன் லேபிளில் 'விட்ச்கிராஃப்ட் இன் தி ஏர்'. 1965-ல் நியூயார்க்கின் காலா லேபிளில் 'லெட் மீ டவுன் ஈஸி'. அறுபதுகளின் கடைசியில் ஒல்லி மெக்லாக்ளினின் காரன் லேபிளில் சில பாடல்கள். அடுத்து லீலன் ரோஜர்ஸின் சில்வர் ஃபாக்ஸ் லேபிளுக்காக மெம்ஃபிஸில் பதிவானவை.

காரனிலிருந்து சில்வர் ஃபாக்ஸுக்குப் போனதில் ஒரு சுவாரசியம் உண்டு. கென்னி ரோஜர்ஸின் குழு பாடிப் பிரபலமாக்கிய 'வாட் கண்டிஷன் மை கண்டிஷன் வாஸ் இன்' பாட்டை லவெட் காரனுக்காகப் பாடியிருந்தார். அதைக் கேட்ட கென்னி, லேபிள் நடத்திக்கொண்டிருந்த தன் அண்ணன் லீலனிடம் சொல்ல, ஒப்பந்தம் ஆனது.

மெம்ஃபிஸ் பாடல்களை முதலில் கேளுங்கள். பின்னணி வாசித்தவர்கள் ஜிம் டிக்கின்சன் இருந்த டிக்ஸி ஃப்ளையர்ஸ் குழுவினர். 'ஹி மேட் எ உமன் அவுட் ஆஃப் மீ' ஆர் அண்ட் பி பட்டியலில் 25-க்கு வந்தது. 'டூ யுவர் டியூட்டி' 38-க்கு. இரண்டாவதுதான் நல்ல பாட்டு என்பது எங்கள் கட்சி. இந்த மெம்ஃபிஸ் பாடல்களை சன்டேஸ்டு நிறுவனம் 2006-ல் 'டூ யுவர் டியூட்டி' என்ற பெயரிலேயே ஒரே தொகுப்பாக வெளியிட்டது. தனித்தனித் தட்டாகத் தேடி அலைய வேண்டாம்.

மா.இ., கோவை: 'லெட் மீ டவுன் ஈஸி' என்று தேடினால் நாலைந்து விதமாக வருகிறது. எது அசல்?

அசல் 1965-ல் வந்த காலா பதிவு. காலா 102 என்பது தட்டு எண். எழுதியவர் பெயர் ரீஷியா ஹாலோவே என்றிருக்கும். 'டான் கார்ட்னர் அண்ட் டீ டீ ஃபோர்டு' ஜோடியில் வரும் டீ டீ ஃபோர்டு அவர்தான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வயலின்களை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகிற ஒலி கேட்கும். தாளம் டாங்கோ நடனத்துக்குரியது போல நின்று நின்று போகும். குரல் அந்த இடைவெளிகளில் கெஞ்சும். சோல் பாட்டுக்கு இப்படி ஒரு தாளக்கட்டு யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஆர் அண்ட் பி பட்டியலில் 20-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

இதையே காரன் லேபிளுக்காக இன்னொரு முறை பாடினார். 2000-ல் ஹாலந்தின் மியூனிக் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட நேரடிக் கச்சேரி ஆல்பத்தின் பெயரும் இதுதான்; அது ஊட்ரெக்ட் நகரில் பதிவானது. ஸ்ட்ரீமிங்கில் குழப்பம் வருவதற்குக் காரணம், பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வருடம் தொகுப்பு வெளியான வருடம் என்பதே. பதிவான வருடத்தை அது காட்டாது. 2008 என்று போட்டிருக்கும் பாட்டு 1965-ல் பாடியதாக இருக்கலாம். பாட்டின் விவரப் பகுதியில் கீழே இருக்கும் உரிமை வரியைப் பாருங்கள். அதிலும் தெளிவில்லை என்றால் நீளத்தை ஒப்பிடுங்கள். அசல் சிங்கிள் மூன்று நிமிடத்தை ஒட்டியிருக்கும். மேடையில் பாடியது அதைவிட மிக நீளம்.

ஆர்.வி., திருச்சி: 1972-ல் பதிவான ஒரு ஆல்பம் 28 வருடம் கழித்து வெளிவந்ததாகப் படித்தேன். டேப் எரிந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். எரிந்தது எப்படித் திரும்பி வந்தது?

எரிந்ததாக எல்லோரும் நினைத்தார்கள், அவ்வளவுதான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

1972-ல் அட்லாண்டிக்கின் கிளை லேபிளான ஆட்கோவில் லவெட் சேர்ந்தார். முதலில் நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டை சிங்கிளாகப் பாடினார். பின்பு பிராட் ஷாபிரோ தயாரிப்பில், அலபாமாவின் மசில் ஷோல்ஸ் இசைக்குழுவோடு ஒரு முழு ஆல்பம் பதிவானது. பெயர் 'சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்'. அதிலிருந்து 'யுவர் டர்ன் டு க்ரை' சிங்கிளாக வந்தது. ஆல்பம் மட்டும் வரவில்லை. காரணம் சொல்லாமலே நிறுவனம் கைவிட்டுவிட்டது. அரீத்தா ஃபிராங்க்ளின், ராபர்ட்டா ஃப்ளாக் இருவரும் உச்சத்தில் இருந்த அதே நிறுவனம் அது. இந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகு அந்த முடிவை மன்னிப்பது கஷ்டம்.

1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் இருந்த அட்லாண்டிக்கின் டேப் கிடங்கு தீப்பிடித்தது. விற்பனைக்கு வந்த ஆல்பங்களின் மாஸ்டர்கள் (தட்டு தயாரிக்க உதவும் மூல டேப்புகள்) பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்ததால் தப்பின. வெளியிடாத பாடல்கள், மாற்றுப் பதிவுகள், பல தடப் பதிவு டேப்புகள் ஆயிரக்கணக்கில் போயின. வெளியிடாத ஆல்பம்தானே, இதுவும் போயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். லவெட்டிடம் ஒரு மோனோ (ஒரே சேனல் ஒலி) பிரதி மட்டும் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜில் பெத்தார் என்ற பிரெஞ்சுச் சேகரிப்பாளர் விடாமல் துருவியதில் மாஸ்டர் டேப் அட்லாண்டிக்கிடமே இருப்பது தெரிந்தது. உரிமை வாங்கி, தன் ஆர்ட் அண்ட் சோல் லேபிளில் 2000-ல் 'சூவனீர்ஸ்' என்று வெளியிட்டார். அது ஆல்பத்தில் உள்ள ஜான் பிரைன் பாட்டின் பெயர். 2006-ல் ரைனோ ஹேண்ட்மேட் நிறுவனம் பழைய பெயரையே திரும்ப வைத்து, அட்லாண்டிக், ஆட்கோ சிங்கிள்களையும் சேர்த்து வரையறுக்கப்பட்ட பதிப்பாகக் கொண்டுவந்தது.

வாங்குவதாக இருந்தால் ரைனோ பதிப்பைத் தேடுங்கள். 'மை மேன்' தட்டின் பின்பக்கமான 'ஷட் யுவர் மவுத்' வரை அதில் கிடைக்கும். கேட்க வேண்டியவற்றில் முதலிடம் 'யுவர் டர்ன் டு க்ரை'. இதை முன்பே பாடியவர் ஜோ சைமன். அவர் தட்டில் தலைப்பு 'யுவர் டைம் டு க்ரை' என்றிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஜோ சைமன் எச்சரிக்கிறார். லவெட் பழி வாங்குகிறார்.

பி.ஜி., புதுச்சேரி: பெயரைப் போட்டுத் தேடினால் பாதிப் பாட்டு வருவதில்லையே?

பழைய லேபிள்களில் அவர் பெயர் ஒரே மாதிரி அச்சாகவில்லை. ஆங்கிலத்தில் முதல் பெயரின் கடைசியில் வரும் 'இ' எழுத்து பல தட்டுகளில் கிடையாது. குடும்பப் பெயரில் கடைசி 'இ' இல்லாமலும், நடுவில் இடைவெளி விட்டும் அச்சடித்திருக்கிறார்கள். தளங்கள் இவற்றை வெவ்வேறு பாடகிகளாகப் பிரித்து வைத்துவிடும். நான்கு விதமாகவும் தட்டிப் பாருங்கள். அப்புறமும் வராவிட்டால் பாட்டின் பெயரோடு லேபிள் பெயரையும் தட்டு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். டூயட்களையும் மறந்துவிட வேண்டாம்: ஹாங்க் பல்லார்டோடு பாடிய 'லெட்ஸ் கோ, லெட்ஸ் கோ, லெட்ஸ் கோ' சில இடங்களில் பல்லார்டு பெயரில்தான் இருக்கும்.

எஸ்.டி., சென்னை: அமெரிக்காவிலிருந்து அவருடைய 45 தட்டு ஒன்று வரவழைத்தேன். பார்வைக்குப் புதுசு மாதிரி பளபளப்பு. போட்டால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். ஊசியை மாற்ற வேண்டுமா?

ஊசியில் குறை இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்கச் சிங்கிள்களில் ஒரு பகுதி வினைலில் அழுத்தப்பட்டவை அல்ல. ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி எடுத்தவை. எடை குறைவு, விறைப்பாக இருக்கும், வளைத்தால் விரிசல் விடும். காகித லேபிள் மேலே ஒட்டியது போலத் தெரியும். தேய்ந்த ஊசியாலும் ஊசியைத் தாங்கும் கனமான கையாலும் ஸ்டைரீனின் வரி (ஊசி ஓடும் பள்ளம்) சீக்கிரம் சிதைந்துவிடும். ஆனால் வெளிப்பார்வைக்குப் பளபளப்பு குறையாது. வானொலி நிலையத்தில் இருந்த பிரதி என்றால், பாட்டு தொடங்கும் இடத்தை முன்னும் பின்னும் உருட்டி உருட்டித் தேடியதில் முதல் சில விநாடிகள் மட்டும் மிக மோசமாக இருக்கும். அதைத் துடைத்துச் சரி செய்ய முடியாது.

செய்யக்கூடியது மூன்று. முதலில் தட்டைத் தூசி போகச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கால் வரும் சத்தம் பட் பட் என்று விட்டு விட்டு வரும், தேய்மானத்தால் வருவது பாட்டின் உரத்த இடங்களில் விடாமல் கேட்கும். அடுத்து, அறுபதுகளின் சிங்கிள்கள் மோனோ என்பதால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் போடுங்கள். இரண்டு சேனலிலும் வேறுவேறாக வரும் இரைச்சலில் நல்ல பங்கு அடங்கிவிடும். கடைசியாக, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) தயாரித்தவர் சொன்னபடி ஊசி அழுத்தும் எடையை வைத்துக்கொள்ளுங்கள். குறைத்து வைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைப்பது தப்பு. ஊசி வரியில் நிற்காமல் துள்ளி இன்னும் கெடுக்கும்.

தட்டின் நடுத்துளை 38 மில்லிமீட்டர் அகலம். அடாப்டர் சரியாகப் பொருந்தாமல் தட்டு மையம் விலகிச் சுற்றினால் சுருதி ஏறி இறங்கும். வேகத்தில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் பாருங்கள்.

ந.ல., சேலம்: டிஸ்கோவும் பாடியிருக்கிறாராமே?

ஆம். 1978-ல் வெஸ்ட் எண்ட் லேபிளில் 'டூயின் தி பெஸ்ட் தட் ஐ கேன்'. வால்டர் கிப்பன்ஸ் ஒலிக்கலவை செய்த 12 அங்குலப் பதிப்பைத்தான் கேட்க வேண்டும். சோல் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். இந்தக் காலத்தில் அவருக்குச் சோறு போட்டது 'பப்ளிங் பிரவுன் சுகர்' என்ற மேடை இசை நாடகம். அதன் சுற்றுப்பயணக் குழுவில் நடித்தார். பிறகு 1982-ல் மோட்டவுனில் 'டெல் மி எ லை'. டெட்ராய்டில் வளர்ந்தவர், டெட்ராய்டின் பெயர்பெற்ற லேபிள், ஆனால் பதிவு நடந்ததோ நாஷ்வில்லில்.

அ.ம., யாழ்ப்பாணம்: பிற்கால ஆல்பங்களில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால்?

2005-ல் வந்த 'ஐ'வ் காட் மை ஓன் ஹெல் டு ரெய்ஸ்'. ஜோ ஹென்றி தயாரிப்பு, ஆன்டி லேபிள், பத்துப் பாட்டு. எல்லாமே பெண்கள் எழுதியவை: லூசிண்டா வில்லியம்ஸ், ஜோன் ஆர்மட்ரேடிங், டாலி பார்ட்டன், ஷினேட் ஓ'கானர் என்று. முதல் பாட்டில் வாத்தியமே இல்லை, குரல் மட்டும். ஒலிபெருக்கி பழுதோ என்று பயப்பட வேண்டாம்.

2007-ன் 'தி சீன் ஆஃப் தி க்ரைம்' இதற்கு ஒரு படி கீழே. அதன் தலைப்பு, 1972-ல் முடங்கிப்போன ஆல்பம் பதிவான ஊருக்கே திரும்பியதைக் குத்திக் காட்டுகிறது. பதிவு நடந்தது மசில் ஷோல்ஸின் ஃபேம் ஸ்டுடியோவில், டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழுவோடு. அந்தக் குழுவின் பேட்டர்சன் ஹூட், மசில் ஷோல்ஸ் பாஸ் கிட்டார் கலைஞர் டேவிட் ஹூட்டின் மகன். அப்பாவும் இந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். சிறந்த தற்கால ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரை கிடைத்தது.

அதே வாசகர்: அவர் சொந்தமாகப் பாட்டு எழுதுவாரா?

பெரும்பாலும் பிறர் எழுதியதைத்தான் பாடுவார். 'தி சீன் ஆஃப் தி க்ரைம்' ஆல்பத்தில் உள்ள 'பிஃபோர் தி மணி கேம்' மட்டும் பேட்டர்சன் ஹூட்டோடு சேர்ந்து எழுதியது. பணம் வருவதற்கு முந்தைய வருடங்களின் கணக்கு அதில் இருக்கிறது.