பாம்பன் பாலக் காட்சி: நாலு நாளில் 40 விநாடி அனிமேஷன்

மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருக்கீங்க: பாம்பன் பாலம் திறந்து படகு போகிற 40 விநாடிக் காட்சி, டிவி நிகழ்ச்சிக்கு, நாலே நாள், நடுவில் கரண்ட் வேற போகுது. பதறாதீங்க, முடியும்.

நம்மூர் டிவிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம் (திரையில் ஒண்ணுக்குப் பின் ஒண்ணா வர்ற அசையாப் படம்), ஆக மொத்தம் 1000. ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 500 படம் போதும். அதையும் முழுசா வரைய வேண்டாம். அலையை 2 விநாடிக்கு மட்டும் வரைஞ்சு, திரும்பத் திரும்ப லூப்பா ஓட விடுங்க. படகு ஒரே படம், லேசா ஏறி இறங்கினால் சரி.

உழைப்பைப் பாலத்தில் கொட்டுங்க. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் மேலே சாய்ந்தது. 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நடுத்துண்டு படுத்தபடியே 17 மீட்டர் உயரும். மாற்றிப் போட்டால் நம்ம கடற்கரை ஜனங்க உடனே கண்டுபிடிச்சிருவாங்க. புதுப் பாலம்னா உங்களுக்கு லாபம், நடுத்துண்டைத் தனி லேயரா (மேலே வைக்கிற தனி அடுக்கா) வரைஞ்சு, அதை மட்டும் மேலே நகர்த்தினால் ஆச்சு. ஆனா மெதுவாக் கிளம்பி மெதுவா நிற்கணும், அப்பதான் இரும்போட கனம் தெரியும்.

கடைசியா ரெண்டர் பண்ணும்போது (கம்ப்யூட்டர் காட்சியை முழுசா உருவாக்கித் தரும்போது) ஒரே வீடியோவா எடுக்காதீங்க, ஃபிரேம் ஃபிரேமா பிஎன்ஜி படக் கோப்புகளா எடுங்க. கரண்ட் போனாலும் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரலாம். முக்கியமா, முதல் நாளே ஸ்டோரிபோர்டை (காட்சி வரிசையைக் காட்டும் கச்சாப் படங்களை) குரலோட ஓட்டிக் காட்டி தயாரிப்பாளரிடம் ஓகே வாங்கிருங்க. வரைஞ்ச பிறகு வர்ற திருத்தம்தான் நாளைத் தின்னும்.