மருமகன் ஏன் பின்னுக்குப் போகிறான்?

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு வரை பஸ்ஸில் இடிபட்டுப் போகிற என் மருமகன், விறாந்தையில் நான் கிட்ட நின்று கதைத்தால் மட்டும் ஓரடி பின்னுக்குப் போகிறான். கொழும்பில் படித்ததால் வந்த இந்த வெள்ளைக்காரப் பழக்கத்தை எப்படித் திருத்துவது?
(வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: மருமகனை விடுங்கள், நீங்கள் நிற்கும் இடத்தைத் திருத்துங்கள்.

பஸ்ஸில் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தீர்களா? பை நெஞ்சுக்கு முன்னால், பார்வை யன்னலில், வாய் திறப்பதில்லை. உடம்பு ஒட்டிய அளவுக்குப் பார்வையையும் பேச்சையும் குறைத்துக்கொள்கிறான். (இடமிருந்தும் பெண்களை உரசிக்கொண்டு நிற்கிறவன் கதை வேறு, அது தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவின்படி குற்றம்.) நெருக்கம் கூடினால் கண்ணுக்குக் கண் பார்ப்பது குறையும் என்று ஆர்கைல், டீன் என்ற உளவியலாளர்கள் 1965இலேயே காட்டிவிட்டார்கள். விறாந்தையில் அவனுக்கு அந்த வழியும் இல்லை. முகத்துக்கு நேரே நின்று, "சம்பளம் எவ்வளவு? கலியாணம் எப்ப?" என்று கேட்கிறீர்கள். முகத்தைத் திருப்பினால் மரியாதை தெரியாதவன் என்பீர்கள். பிறகு காலைத்தானே நகர்த்துவான்?

வெள்ளைக்காரப் பழக்கம் என்றது பாதிதான் சரி. நெருங்கியவர்களுக்கு 45 சென்ரிமீற்றர், நண்பர்களுக்கு 1.2 மீற்றர் வரை என்று எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் எழுதியது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரைப் பார்த்து. ஊருக்கு ஊர் அளவு மாறும். அளவே இல்லாத ஊர் கிடையாது. அபாயத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதிக்கு இதில் பெரிய பங்குண்டு. இருபக்கமும் அது சிதைந்த ஒரு பெண்ணை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. ஆய்வாளர் ஒருவரை நோக்கி நடந்து, வசதியான தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். மற்றவர்கள் சராசரியாக 76 சென்ரிமீற்றரில் நின்றார்கள். அவர் 34 வரை போனார்.

ஆகவே, ஒரு கை நீட்டும் தூரம் விட்டு, சற்றுச் சாய்வாக நில்லுங்கள். கதிரைகளை எதிரெதிரே போடாமல் 'ட' வடிவில் போட்டால் இருவருக்கும் முற்றத்தைப் பார்க்கவும் வசதி. அவன் ஓரடி விலகினால் நீங்களும் ஓரடி முன்னேற வேண்டாம். சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவீர்கள். முதுகில் சுவர் முட்டியவனுக்கு இன்னும் கூடுதலாக இடம் விட வேண்டும்.

ஒருவேளை, அவன் சொல்வது கேட்காமல்தான் கிட்டப் போகிறீர்களென்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காதைக் காட்டுங்கள்.