இணையம் பிறந்த கதை: கேள்விகளும் என் பதில்களும்

முப்பது வருடம் நெட்வொர்க் கேபிள்களோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் இணைய வரலாறு பற்றிய கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். தொடங்கும் முன் ஒன்று: இணையம் வேறு, வலை (வேர்ல்ட் வைட் வெப்) வேறு. தயவுசெய்து கலக்காதீர்கள்.

இணையத்தைக் கண்டுபிடித்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ தானே சார்?

இதற்குத்தான் முதலிலேயே சொன்னேன். அவர் 1989இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்தது வலை. இணையம் தண்டவாளம் என்றால் வலை அதில் ஓடும் ஒரு ரயில். மின்னஞ்சல் இன்னொரு ரயில், அதுவும் 1971லேயே ஓட ஆரம்பித்தது. தண்டவாளத்துக்கு ஒரே தகப்பன் கிடையாது. விண்டன் சர்ஃபும் பாப் கானும் 1974இல் எழுதிய கட்டுரையில் இருந்துதான் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிமுறையான இன்றைய டிசிபி/ஐபி வளர்ந்தது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற அமெரிக்க நெட்வொர்க் முழுவதும் அதற்கு மாறியது.

இணையத்தில் போன முதல் செய்தி பாதியிலேயே நின்றுவிட்டதாமே?

ஆமாம், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பேராசிரியர் லியனார்ட் க்ளைன்ராக்கின் ஆய்வகம். கணினி முன்னால் சார்லி க்ளைன் என்ற மாணவர். சுமார் 500 கிலோமீட்டர் வடக்கே ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் பில் டுவால். இருவர் காதிலும் தொலைபேசி. கணினிகள் பேசிக்கொள்கின்றனவா என்று மனிதர்கள் போனில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது!

க்ளைன் 'லாகின்' (LOGIN) என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிறார். எல் போய்ச் சேர்ந்தது. ஓ போய்ச் சேர்ந்தது. ஜி அடித்ததும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. காரணம் வேடிக்கையானது. முதல் மூன்று எழுத்து வந்ததும் மிச்சத்தைத் தானே நிரப்பித் தருகிற கெட்டிக்காரக் கணினி அது. அதனால் ஒரே மூச்சில் பல எழுத்துகளைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. இணைப்பு நிரலோ ஒரு தடவைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் எழுதப்பட்டிருந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து, முழுதாக உள்ளே போய்விட்டார்கள். ஆய்வகப் பதிவேட்டில் 22:30 என்று நேரம் போட்டு, ஸ்டான்ஃபோர்ட் கணினியோடு பேசியதாக ஒரு சின்னக் குறிப்பு. அவ்வளவுதான் ஆர்ப்பாட்டம்.

அணுகுண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்றுதானே அமெரிக்க ராணுவம் இணையத்தை உருவாக்கியது?

இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான ஆர்ப்பாவின் அலுவலகத்தில் பாப் டெய்லர் என்பவரின் அறையில் மூன்று டெர்மினல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் வேறு ஊரில் இருந்த ஒரு கணினியோடு மட்டும் பேசும், ஒவ்வொன்றுக்கும் தனி லாகின். நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் இணைக்க 1966இல் பணம் கேட்டார். ஆராய்ச்சியாளர்கள் விலையுயர்ந்த கணினிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம்.

(அதே நபர்) அப்படியானால் பால் பேரன்? அவர் அணு ஆயுதத் தாக்குதலை வைத்துத்தானே எழுதினார்?

நல்ல அடி. ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்த பேரன் 1964இல் வெளியிட்ட அறிக்கைகள் அதைப் பற்றியவைதான். செய்தியைத் துண்டு துண்டாக உடைத்து, கிடைத்த வழியில் அனுப்பும் யோசனை அதில் இருக்கிறது. ஆனால் அவர் ஆர்ப்பாநெட்டைக் கட்டவில்லை. பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் இதே யோசனைக்குத் தனியாக வந்து சேர்ந்தார். 'பாக்கெட்' என்ற பெயரே அவர் வைத்ததுதான். அவருக்கு அணுகுண்டு கவலை கிடையாது, கணினியைப் பலர் பகிர்வதுதான் கவலை.

(மறுபடியும் அவரே) யோசனை பேரனுடையது, பணம் ராணுவத்துடையது. பின்னே என்ன வித்தியாசம்?

பணம் பாதுகாப்புத் துறையுடையது, ஒப்புக்கொள்கிறேன். பேரன் எழுதியது அவர்களுக்குப் பயன்பட்டதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் காசு கொடுத்தார்கள் என்பது ஒரு கேள்வி, எதற்காகக் கட்டினார்கள் என்பது வேறு கேள்வி. கல்யாண மண்டபத்தைக் கட்டியவர் சாராய வியாபாரி என்பதால் அது சாராயக்கடை ஆகிவிடாது. இதில் ஏற்கெனவே பாதி நேரம் போய்விட்டது, அடுத்தவருக்கு வழிவிடுங்கள்.

இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தானே வருகிறது?

பெரும்பகுதி கடலடிக் கேபிளில். சென்னைக் கடற்கரையிலேயே சில கரையேறுகின்றன.

தமிழ் எழுத்துரு வரலாறு பற்றிச் சொல்லுங்கள்.

என் துறை இல்லை. எழுத்துரு செய்தவர்களைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்கள்.

டயல்-அப் மோடம் ஏன் அப்படிக் கத்தியது?

டயல்-அப் என்றால் தொலைபேசி லைன் வழியாக இணையத்துக்குள் போவது, மோடம் அதற்கான கருவி. அந்தக் கீச்சொலி இரண்டு மோடம்கள் பேரம் பேசும் சத்தம். லைன் எவ்வளவு சுத்தம், எந்த வேகத்துக்கு இருவராலும் முடியும் என்று ஒலியாலேயே பேசி முடிவு செய்யும். எங்கள் வீட்டில் பேரம் படிந்து ஒரு படம் பாதி இறங்கியிருக்கும்போது, அம்மா அடுத்த அறையில் இணைப்பு போனை எடுத்து "ஹலோ" என்பார். போச்சு.

வலையைக் கண்டுபிடித்ததற்கு பெர்னர்ஸ்-லீ ஏன் காப்புரிமை வாங்கவில்லை?

'வலை' என்று சரியாக எழுதிய முதல் ஆள் நீங்கள், வாழ்க. காசு கேட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதைப் பொதுச்சொத்தாக அறிவித்தது. அவருடைய முதல் சர்வர், மேசை மேல் இருந்த ஒரு நெக்ஸ்ட் கணினி. யாரும் ஸ்விட்சை அணைத்துவிடக் கூடாதென்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்.

இணையத்தைக் கண்டுபிடித்தவர் யார்?

மேலே.